‘சார், நான் கிளம்பலாமா?’: காவல் நிலையப் படியேறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் வரும். தெரியாத நம்பர். "ஸ்டேஷன்லேருந்து பேசுறோம். உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு, கொஞ்சம் வந்துட்டுப் போங்க." எதற்கு என்று கேட்டால், "சும்மா ஒரு விசாரணைதான், பயப்படாதீங்க." அந்த ‘பயப்படாதீங்க’வைக் கேட்ட பிறகுதான் நம்மில் பலருக்குப் பயமே வரும்.

அந்தப் போனை எடுத்தவருக்காகவும், சட்டமோ குற்றவியலோ இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருப்பவருக்காகவும் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் தமிழ்நாட்டிலிருந்து, சட்டம் பெரும்பாலும் இந்தியா முழுமைக்கும் பொது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குள் இருக்கும் ஒருவர் இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும். நினைத்தபோது எழுந்து வெளியே போகலாம்; அப்படிப் போக முடியாதென்றால் அவர் காவலில் இருக்கிறார். காவலில் இருப்பவருக்குச் சட்டம் ஒரு பெரிய பட்டியல் உரிமைகளைத் தருகிறது. ‘கைது இல்லை, விசாரணைக்காக உட்கார வைத்திருக்கிறோம்’ என்ற மூன்றாவது நிலை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஊரில் நடக்கும் கொடுமைகளில் பெரும்பகுதி அந்த இல்லாத அறையில்தான் நடக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்தில், காரில் வைத்த நகையைக் காணவில்லை என்ற புகாருக்காகக் கோயில் காவலாளி ஒருவரை அழைத்துப் போனார்கள். ‘விசாரணைக்கு’ என்றுதான் அழைத்துப் போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. அழைத்துப் போன நேரத்தில் ஒரு முதல் தகவல் அறிக்கைகூடப் பதிவாகியிருக்கவில்லை. பிறகு காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது.

அதனால் ஸ்டேஷனில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி மிக எளிமையானது. குரலை உயர்த்தாமல், மரியாதையாகக் கேளுங்கள்: "சார், நான் கிளம்பலாமா?" போகலாம் என்றால் கிளம்புங்கள். போகக்கூடாது என்றால், அந்த நிமிடத்தின் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அந்த மணியிலிருந்து எண்ணப்படும்.

எந்தச் சட்டம்?

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய மூன்று சட்டங்கள் போய்ப் புதியவை வந்துவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்‌ஷிய அதிநியம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு வேண்டியது. போலீஸ் என்ன செய்யலாம், எதுவரை செய்யலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர் என்பதால் வக்கீல்கள் ‘பிஎன்எஸ்எஸ்’ என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். இதற்கெல்லாம் மேலே அரசியலமைப்பின் 20, 21, 22ஆம் பிரிவுகள் இருக்கின்றன.

போனில் கூப்பிட்டால்

போலீஸ் ஒருவரை முறைப்படி கூப்பிட இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே எழுத்தில் வர வேண்டும்.

முதல் வழி, சாட்சியாக அழைப்பது. பிஎன்எஸ்எஸ் 179ஆம் பிரிவு. வழக்கைப் பற்றி உங்களுக்கு ஏதோ தெரியும் என்று விசாரணை அதிகாரி நினைத்தால், எழுத்துமூலம் உத்தரவு கொடுத்து வரச் சொல்லலாம். அந்த நிலைய எல்லையிலோ பக்கத்து நிலைய எல்லையிலோ இருப்பவரைத்தான் இப்படி அழைக்க முடியும். இதில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் கீழே அல்லது 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்கள் ஆகியோரைத் தாங்கள் குடியிருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது. விசாரிக்க வேண்டுமென்றால் போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். அவர்களாக விரும்பி ஸ்டேஷனுக்கு வந்தால் தடையில்லை. ‘அம்மாவை நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு அனுப்பிவைங்க’ என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, சந்தேக நபராக அழைப்பது. 35ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு நோட்டீஸ். பழைய ஆட்கள் இதை, பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, இன்னும் ‘41ஏ நோட்டீஸ்’ என்பார்கள். உங்கள் மேல் புகார் இருக்கிறது, ஆனால் இப்போதைக்குக் கைது தேவையில்லை, இந்தத் தேதியில் ஆஜராகுங்கள் என்று சொல்லும் காகிதம் இது. இதைப் பார்த்துப் பயந்து தலைமறைவாவது பெரிய முட்டாள்தனம். ஏனென்றால் இது உங்களுக்குப் பாதுகாப்பு. நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைத்துக்கொண்டிருக்கும்வரை, காரணத்தை எழுதி வைக்காமல் உங்களைக் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால் அதையே காரணமாக வைத்துக் கைது செய்யலாம். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது, நேரில்தான் சேர்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது.

சரி, நடைமுறைக்கு வருவோம். போனில் கூப்பிடுகிறவரிடம் சட்டப் பிரிவு பேசிச் சண்டை போட வேண்டாம். பெயர், பதவி, எந்த நிலையம், புகார் என்ன என்று கேளுங்கள். "எழுத்துல ஒரு நோட்டீஸ் கொடுங்க சார், கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லுங்கள். போவதென்று முடிவு செய்தால் தனியாகப் போகாதீர்கள். யார் கூடப் போகிறார், எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வரிச் செய்தி பின்னால் நீதிமன்றத்தில் என்ன வேலை செய்யும் என்பது அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு வயது 67. வேலித் தகராறு ஒன்றுக்காகத் தினமும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி மரப்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் ஒரு பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய், வந்த நேரம், போன நேரம், யாரிடம் பேசினார் என்று அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ஏட்டு எட்டிப் பார்த்து "என்ன பெரியவரே எழுதுறீங்க?" என்றாராம். நான்காம் நாள் கூப்பிடவில்லை. வேலித் தகராறு, கடன் பாக்கி, வாடகை பாக்கி, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை எல்லாம் சிவில் விவகாரங்கள். அடிதடியோ மிரட்டலோ மோசடியோ அதில் கலந்தால் தவிர போலீஸுக்கு அங்கே வேலையில்லை. ஸ்டேஷனில் வைத்துப் பணத்தை வசூலித்துக் கொடுப்பதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து.

நீங்களே புகார் கொடுக்கப் போனால்

ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் வாசலுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்கும் பாரா, கொஞ்சம் உள்ளே ரைட்டர். பெயர் ரைட்டர் என்றாலும் நிலையத்தின் காகிதம் மொத்தமும் அவர் கையில்தான். புகாரை நீங்களே தமிழில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். தேதி, மணி, இடம், யார், என்ன செய்தார், யார் பார்த்தார்கள். ‘மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி’ என்று ஆரம்பிக்கும் ஒரு பக்க முன்னுரையை வெட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் உங்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சிஎஸ்ஆர் ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு பதிவாகிவிட்டது என்று நினைத்து அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். வழக்கு தொடங்குவது எஃப்ஐஆர் என்கிற முதல் தகவல் அறிக்கையில்தான். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று புகாரில் தெரிந்தால், எஃப்ஐஆர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. புதிய சட்டம் இதில் ஒரு சின்னச் சந்து விட்டிருக்கிறது: மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டிஎஸ்பியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு முடிவு செய்யலாம். உங்களிடம் ‘விசாரிச்சிட்டுச் சொல்றோம்’ என்றால், இந்த 14 நாள் கணக்கில்தானா என்று கேளுங்கள்.

‘இது எங்க லிமிட் இல்லை’ என்பது இனி காரணம் ஆகாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பெற்று, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இணையம் வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசம். சில உணர்வுபூர்வமான வழக்குகளைத் தவிர மற்ற எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் எஃப்ஐஆரையும் சிஎஸ்ஆர் நிலையையும் பார்க்கலாம்.

பதிவு செய்ய மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்பிக்கு (சென்னை போன்ற மாநகரமென்றால் காவல் ஆணையருக்கு) அனுப்புங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் 175ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஸ்பிக்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் அந்த மனு நிற்காது. பாலியல் குற்றம் போன்ற சில புகார்களைப் பதிய மறுக்கும் காவலருக்கே சிறைத்தண்டனை உண்டு: நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு.

கைது

கைது செய்ய அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவே கைது செய்துவிடக் கூடாது. அதிகாரம் இருப்பது வேறு, தேவை இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை 1994இல் ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் இன்னும் அழுத்தமாக. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், இவர் ஓடிவிடுவார், சாட்சியைக் கலைப்பார், தடயத்தை அழிப்பார், மறுபடி குற்றம் செய்வார் என்பது போன்ற ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைப் போலீஸ் எழுதி வைக்க வேண்டும். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால், 60 வயதைக் கடந்தவரையும் உடல் நலிந்தவரையும் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது.

கைது நடக்கும் நேரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? கைது செய்பவரின் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைது விவரத்தைப் பதியும் கைது மெமோ அங்கேயே எழுதப்பட வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். மெமோவில் தேதி மட்டும் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு அழைத்துப் போனவரை மாலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் பிடித்ததாக எழுதுவது பழைய வித்தை. அப்படி இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே உண்மையான நேரத்தை எழுதலாம். எழுத விடவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் வாயால் சொல்லலாம்.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பு 22ஆம் பிரிவு. எந்தக் குற்றமானாலும் அந்தக் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உடனே கொடுக்க முடியாத சூழலில்கூட, ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கைதான விவரம் அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கப்பட வேண்டும். விசாரணையின்போது அவர் விரும்பும் வக்கீலைச் சந்திக்கலாம். விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது, இடையில் சந்திக்கலாம்.

இந்த நடைமுறைகளில் பலவற்றுக்கு வேர் ஒரு கடிதம். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திய டி.கே. பாசு, லாக்அப் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் குறிப்பிட்டு 1986இல் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் 11 கட்டளைகளை வகுத்தது. மெமோ, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதில் வந்தவை. பிறகு அவற்றில் பெரும்பகுதி சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். உடல் சோதனையைப் பெண்தான் செய்ய வேண்டும். 18 வயது நிரம்பாதவரை லாக்அப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கைவிலங்கு எல்லோருக்கும் கிடையாது. 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் அதை மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டம் கொலை, பாலியல் வன்முறை, பயங்கரவாதம், போதைப்பொருள் போன்ற குற்றங்களுக்கும், தொடர் குற்றவாளிகளுக்கும், காவலிலிருந்து தப்பியவர்களுக்கும் அதை அனுமதிக்கிறது. செயின் பறித்ததாகப் பிடிபட்ட பையனுக்கு விலங்கு பூட்டித் தெருவில் நடத்திப் படம் எடுப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

கைது தவறானது என்றே தெரிந்தாலும் கையை உதறாதீர்கள், தள்ளாதீர்கள். கைதைத் தடுப்பவரிடம் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தப் போலீஸுக்கு உரிமை உண்டு. அதோடு பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்கும் சேரும்.

உள்ளே கேட்கப்படும் கேள்விகள்

பதில் சொல்ல வேண்டுமா? சாட்சியாக இருந்தால் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 20ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு தரும் உரிமை இது. போலீஸ் விசாரணைக்கும் பொருந்தும் என்று 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் தீர்ப்பானது. உண்மை கண்டறியும் ஊசி, மூளை வரைபடச் சோதனை போன்றவற்றைச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் சொன்னார்கள். போன் பாஸ்வேர்ட் கேட்டால் கொடுத்தாக வேண்டுமா என்பதில் மட்டும் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. அந்த இடத்தில் வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

கையெழுத்து விஷயம் முக்கியம். விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொண்டால், அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் 181ஆம் பிரிவே சொல்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து எந்தச் சூழலிலும் போடாதீர்கள்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று தொலைக்காட்சியில் தினமும் ஓடும் செய்திக்குச் சட்ட மதிப்பு அநேகமாகப் பூஜ்யம். இந்த விதி ஏன் வந்தது என்பதில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1850களில் சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கும் தாசில்தார்களே போலீஸ் வேலையும் பார்த்தார்கள். வரி கட்டாதவரையும் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவரையும் ஒரே விதமாகத்தான் கவனித்தார்கள்: விரல்களைக் கிட்டிக்குள் வைத்து நெரிப்பது, குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. இதை விசாரிக்க அமைத்த குழு 1855இல் அறிக்கை தந்தது. வரி வசூலையும் போலீஸையும் பிரிக்க 1859இல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறியது. 1872இல் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. இப்போது சாக்‌ஷிய அதிநியத்தின் 23ஆம் பிரிவு.

ஆனால் இதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்துப் போலீஸ் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகும். அதனால்தான் ‘கத்தியை எங்கே மறைத்து வைத்தாய்?’ என்ற கேள்விக்கு அத்தனை அழுத்தம். அப்புறம், பொருளை எடுத்த விவரத்தை எழுதும் அந்தக் கைப்பற்றுதல் மகஜரில் யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதில் விசாரணையே சுற்றும்.

24 மணி நேரம்

கைதான நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை எதுவும் கணக்கில்லை. நீதிமன்றம் இல்லாத நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே அழைத்துப் போவார்கள். அதற்கு முன் அரசு மருத்துவரிடம் பரிசோதனை. மருத்துவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காயம் இருந்தால் காட்டுங்கள், எப்படி வந்தது என்று சொல்லுங்கள். நம் ஊர் செய்தித்தாள்களில் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் கைதிகளின் படம் வரும்; எல்லோரும் பாத்ரூமில்தான் வழுக்கி விழுந்திருப்பார்கள். ஸ்டேஷன் பாத்ரூம்களுக்கு இத்தனை வழுக்கல் எங்கிருந்து வருகிறது என்று எந்தப் பொதுப்பணித் துறையும் இன்னும் ஆராயவில்லை.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான் மொத்த நடைமுறையின் மையம். அவர் கேட்க வேண்டியவை: எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, வக்கீல் இருக்கிறாரா, வீட்டுக்குத் தெரியுமா. பயந்துபோய்த் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். வாயைத் திறந்து சொல்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் இலவச சட்ட உதவி கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே பார்க்காமல் அது கிடைக்க வேண்டும். வீட்டார் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இந்தப் படிகள் எல்லாவற்றையும் காகிதத்தில் கடந்தார்கள். மருத்துவச் சான்று இருந்தது. ரிமாண்ட் உத்தரவு இருந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் தினமும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். அந்த இரவில் என்ன நடந்தது என்பதை அவரிடம் சொன்னது அதே நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். காகிதம் இருந்தால் போதாது. அதைக் கேள்வி கேட்டுப் பார்க்கும் ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் மாஜிஸ்திரேட்டாக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், நிலையத்திலேயே வேலை செய்யும் காவலராகவும் இருக்கலாம்.

ஜாமீனைப் பொறுத்தவரை: ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைக்கும். மற்றவற்றில் நீதிமன்றம் முடிவு செய்யும். 60 நாளுக்குள் (மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள்) குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்தால்

வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரமென்றால் வாரண்ட் இல்லாமலும் 185ஆம் பிரிவில் சோதனை போடலாம். ஆனால் காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். புதிய சட்டத்தில் சோதனை முழுவதையும் வீடியோ எடுப்பது கட்டாயம். அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியலில் ஒரு நகல் உங்களுக்கு. போனை எடுத்தால் மாடல், சிம் எல்லாம் பட்டியலில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கணக்குக்கு வெளியே இருப்பவை

குற்றம் நடக்கப்போகிறது என்று முன்தடுப்பாக 170ஆம் பிரிவில் பிடிக்கலாம். அதற்கும் 24 மணி நேர வரம்பு உண்டு. போராட்டக்காரர்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விடுவது நாம் எல்லோரும் பார்த்த காட்சி.

குண்டாஸ் என்று சொல்லப்படும் குண்டர் தடுப்புச் சட்டம் வேறு. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தின்படி, கலெக்டரோ காவல் ஆணையரோ உத்தரவிட்டால் 12 மாதம்வரை வழக்கு விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம். 24 மணி நேர விதி இதற்குப் பொருந்தாது. ஆனாலும் ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும், அடைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். கொடுத்த ஆவணங்களில் ஒரு பக்கம் தெளிவாக இல்லை, தமிழாக்கம் தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற காரணங்களுக்காகவே உயர் நீதிமன்றம் இந்த உத்தரவுகளை ரத்து செய்வதுண்டு. அடைத்து வைத்தவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைப் பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ போடுகிறார்கள். ஆகவே அந்தக் காகிதக் கட்டில் ஒரு தாளையும் தொலைக்காதீர்கள்.

எல்லை மீறியிருந்தால்

முதல் வேலை, அரசு மருத்துவமனையில் காயங்களைப் பதிவு செய்வது. இரண்டாவது, கேமரா பதிவைக் காப்பாற்றுவது. எல்லா நிலையங்களிலும் லாக்அப், வாசல், வரவேற்பறை, வராண்டா என்று கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் நீங்கள் எழுதிக் கேட்கும்வரை அந்தப் பதிவைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். இன்ன தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று எஸ்பிக்கு அன்றைக்கே ஒரு மனு அனுப்புங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு நகல். ஒப்புதல் வாங்குவதற்காக அடிப்பது நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவில் ஏழாண்டு வரை, கொடுங்காயமென்றால் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம்.

மனுவில் மணியைச் சரியாக எழுத வேண்டுமே, அதற்குத்தான் உள்ளே போகும்போது வீட்டுக்கு அனுப்பச் சொன்ன அந்த ஒரு வரிக் குறுஞ்செய்தி. அதை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சேருங்கள்.